நடு முகம்

கோவில்பட்டி பைபாஸில் லாரிகள் என்ன வேகத்தில் வரும் என்பது அந்த ஊர்க் கோழிக்குக்கூடத் தெரியும். கொம்பையாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, கையில் கறிப்பையுடன், கொல்லைப்புறத்துக்குப் போகிற ஆள் மாதிரி நான்குவழிச் சாலையில் இறங்கி நடந்தார்.

பின்னால் வந்த செண்பகவல்லி "ஏங்க" என்று ஒரு சத்தம் போட்டாள். தண்ணீர் லாரி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு வந்து அவருக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி அவருடைய குலம் கோத்திரம் எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினான். கொம்பையா நின்று முழுவதையும் கேட்டார். அவன் மூச்சு வாங்க நிறுத்தியதும், நேரமாகிறது, கிளம்பு என்று கையைக் காட்டிவிட்டு மீதிச் சாலையையும் அதே நடையில் கடந்தார். அந்தப் பக்கம் போய்த் திரும்பி, இன்னும் இந்தப் பக்கமே நிற்கிற மனைவியை ஆச்சரியமாகப் பார்த்தார்.

லாரி நின்ற நொடியில் செண்பகவல்லி அவர் முகத்தைப் பார்த்திருந்தாள். அதில் ஒன்றுமே இல்லை. வேர்க்கவில்லை, வெளுக்கவில்லை, கண்கூட இமைக்கவில்லை. தைரியசாலியும் உள்ளே எதையோ அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான். இவரிடம் அமுக்குவதற்கே எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் மின்சார வாரியத்தில் அவருக்குப் பட்டப்பெயரே பயந்தாங்கொள்ளி கொம்பையா. இருபத்தொரு வருஷம் லைன்மேன். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் சப்-ஸ்டேஷனில் சொல்லி லைனை அணைத்து வாங்க வேண்டும். மற்றவர்கள் அது கிடைத்ததும் ஏறிவிடுவார்கள். இவர் ஏறமாட்டார். எர்த் ராடு என்கிற கம்பை எடுத்து, லைனை இரண்டு பக்கமும் தரையோடு பிணைத்துவிட்டு, அப்புறமும் சந்தேகம் தீராமல் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். ஊரில் சோலார் இல்லாத மாடி இல்லாமல் போன காலம் இது. எந்த வீட்டிலிருந்து கரண்ட் திரும்பி வந்து லைனில் ஏறும் என்று யாருக்கும் தெரியாது. கொம்பையாவின் பிரிவில் இதுவரை ஒருவர்கூடக் கம்பத்தில் சாகவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். மகள் நிறைமதி திருநெல்வேலியில் பார்மசி படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். பத்து நிமிஷம் தாமதமானால் மனிதர் பஸ் ஸ்டாண்டில் நிற்பார். செண்பகவல்லி ரேஷன் கடைக்குப் போனால் மூன்று தடவை போன் வரும். "நான் என்ன காசிக்கா போயிருக்கேன்?" என்று அவள் எரிந்து விழுந்த நாட்கள் எத்தனையோ. அந்த போன் நின்று எவ்வளவு நாளாயிற்று என்று சாலையோரத்தில் நின்று எண்ணிப் பார்த்தாள். சரியாகத் தெரியவில்லை. போன் வருவது நின்றபோது அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

கொம்பையாவின் வலது கட்டைவிரல் முதன்முதலாகத் தானாக ஆடியது அவருடைய நாற்பத்து நாலாவது வயதில். இரண்டே வருஷத்தில் கை முழுவதும் ஆடியது. சட்டைப் பொத்தானைச் செண்பகவல்லி போட்டுவிட வேண்டியதாயிற்று. காபி உடம்பெல்லாம் சிந்தும் என்பதால் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். வாரியத்தில் அவரைப் புகார் எழுதும் மேசையில் உட்கார வைத்தார்கள். அவர் எழுதிய புகாரை அவராலேயே படிக்க முடியவில்லை.

மாத்திரைகள் கைவிட்ட பிறகு மதுரையில் டாக்டர் ஜெசிந்தாவிடம் போனார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். ஒரு தாளில் மூளையை வரைந்து, நடுவில் இரண்டு புள்ளி வைத்தார்.

"துவரம்பருப்பு அளவுதான் இந்த இடம். இங்க உள்ள செல்லெல்லாம் சாதாரணமா ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பேசிக்கிட்டிருக்கும். இந்த நோய் வந்தா எல்லாம் சேர்ந்து ஒரே தாளத்துல அடிக்க ஆரம்பிச்சிடும். கை அசையணும்னு வர்ற உத்தரவு அந்தச் சத்தத்துல அமுங்கிப் போயிடும். நாங்க மண்டையில சின்னதா ஒரு துளை போட்டு, சேமியா கனத்துல ஒரு கம்பியை அந்தப் பருப்புக்குள்ள இறக்கி, நொடிக்கு நூத்திமுப்பது தடவை துளித்துளியா கரண்ட் கொடுப்போம். அந்தத் தாளம் கலைஞ்சிடும். பேட்டரி இங்க, காறை எலும்புக்குக் கீழ, தோலுக்குள்ள இருக்கும்."

"அப்ப நோய் போயிருமா?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"போகாதும்மா. சத்தம் அடங்கும்."

கொம்பையாவுக்கு உடனே புரிந்துவிட்டது. கரண்ட்டோடு குடும்பம் நடத்தியவர் அல்லவா. பக்கத்தில் வேறு என்ன லைன் போகிறது, கசிந்தால் எங்கே போகும் என்று அந்தக் காலத்துக் கொம்பையா அரைமணி நேரம் டாக்டரைக் குடைந்தெடுத்தார். பயந்தார், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார், அப்புறம்தான் சம்மதித்தார்.

ஆபரேஷனின்போது நோயாளி விழித்திருக்க வேண்டும். கையைத் தூக்கிக்கொண்டு ஏதாவது பேசச் சொன்னார்களாம். இவர் தன் பிரிவிலிருக்கிற டிரான்ஸ்பார்மர்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பதினேழாவது டிரான்ஸ்பார்மரில் கை நின்றுவிட்டது. அப்படியே நின்றுவிட்டது, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி. மேசையிலேயே அழுதேன் என்று பிறகு சொன்னார்.

பழைய கருவிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் கரண்ட்டைக் கூட்டிக் குறைத்து வர வேண்டும். இது புதிது, தானாகக் கற்றுக்கொள்ளும். கூடவே உள்ளங்கை அளவில் ஒரு பெட்டியைச் செண்பகவல்லியிடம் கொடுத்து, அவள் கட்டைவிரல் ரேகையைப் பதிந்துகொண்டார்கள். அதில் மூன்று முகங்கள் வரும்: சிரிக்கிற முகம், அழுகிற முகம், நடுவில் வாயை நேர்கோடாக வைத்துக்கொண்ட ஒரு முகம். நடுக்கத்தைக் கருவியே அளந்துகொள்ளும், ஆள் எப்படி இருக்கிறார் என்பதை வீட்டு மனுஷர்தான் சொல்ல வேண்டும், தினமும் ஆறு மணிக்கு மணியடிக்கும், பார்த்து அமுக்குங்கள் என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண் சொன்னாள். இன்னும் ஏதேதோ சொன்னாள். செண்பகவல்லி தலையை ஆட்டிக்கொண்டே, எதிரே உட்கார்ந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் காபி குடிக்கிற புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் மணி அடித்தது சரியாக விளக்கு வைக்கிற நேரத்தில்.

சிரிக்கிற முகத்துக்குப் போன விரலை அவள் இழுத்துக்கொண்டாள். என் புருஷன் அமோகமாக இருக்கிறான் என்று தம்பட்டம் அடிக்கலாமா? கண் பட்டுவிடாதா? மெஷினுக்கு ஏது கண் என்று நிறைமதி சிரித்தாள். சிரிக்கட்டும். சரி, அழுகிற முகம்? விளக்கு வைக்கிற நேரத்தில், வீட்டு ஆம்பிளை மோசமாக இருக்கிறார் என்று யாராவது வாயைத் திறப்பார்களா? தெருவில் யார் விசாரித்தாலும் என்ன சொல்வாளோ அதைத்தான் பெட்டிக்கும் சொன்னாள். ஏதோ இருக்காக, பரவாயில்ல. நடு முகத்தை அமுக்கினாள்.

பெட்டியில் எழுத்து வந்தது: "நன்றி. நாளை இதைவிட நன்றாக இருக்கும்."

நல்ல வாய்முகூர்த்தம் என்று அவள் மனம் குளிர்ந்துபோனாள். அன்றிலிருந்து பதினாலு மாதம், ஒரு நாள் தவறாமல், விளக்கேற்றிவிட்டு நடு முகத்தை அமுக்கினாள். ஒவ்வொரு நாளும் பெட்டி அதே நல்ல வார்த்தையைச் சொன்னது. சொன்னபடியே நடந்தது. நடுக்கம் போயிற்று. முகத்தில் இருந்த வாட்டம் போயிற்று. கடன்காரனைப் பார்த்தால்கூட அவர் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரிகள் வாய்பிளக்க, செண்பகவல்லி வெள்ளிக்கிழமைதோறும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். பெட்டிக்குப் பதில் சொல்வதில் மட்டும் இன்னும் ஜாக்கிரதையானாள்.

பைபாஸ் சம்பவத்துக்கு நாலு நாள் கழித்து, மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டி.வி.யில் செய்தி வந்தது. கங்கைகொண்டான் பக்கத்தில் திருநெல்வேலி பஸ் கவிழ்ந்துவிட்டது. நிறைமதி அன்றைக்கு அரைநாளில் கிளம்பி வருவதாகச் சொல்லியிருந்தாள். செண்பகவல்லி போனை எடுத்து அடித்தாள். அணைந்திருந்தது. மறுபடியும் அடித்தாள். மூன்றாவது தடவையும் அடித்தாள்.

"சார்ஜ் தீந்துருக்கும்," என்றார் கொம்பையா. "ரசம் ஊத்து."

ஒரு மணி நேரம் கழித்து நிறைமதி வந்து சேர்ந்தாள். வேறு பஸ். சார்ஜ்தான் தீர்ந்துபோயிருந்தது. அவள் கையைக் காலைத் தடவிப் பார்த்துச் செண்பகவல்லி ஓவென்று அழுதாள். கொம்பையா தான் சொன்னது சரியாகப் போயிற்று என்ற நிறைவில் பல் குத்திக்கொண்டிருந்தார். மகள் உள்ளே போனதும் அவள் அவர் முன்னால் போய் உட்கார்ந்து, உங்களுக்குக் கொஞ்சங்கூடப் பதறவில்லையா என்று கேட்டாள்.

அவர் பொய் சொல்லவில்லை. நன்றாக யோசித்தார்.

"தேடிப் பாத்தேன்," என்றார். "ஒண்ணும் இல்ல. செத்துருந்தா யார் யாருக்குச் சொல்லணும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு மட்டும் வரிசையா வந்துச்சு."

அவள் அன்று முழுவதும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. இத்தனை வருஷம் அவரோடு வாழ்ந்தும் வராத ஒரு பயம் அந்த ஒரு வார்த்தையில் வந்துவிட்டது. வீட்டில் தன் புருஷனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவருடைய நாற்காலியில், அவருடைய குரலில் பேசிக்கொண்டு யாரோ இருப்பதாகத் தோன்றியது. ஆனால் சாயங்காலம் பெட்டி மணியடித்ததும், அவள் பழக்கப்படி நடு முகத்தைத்தான் அமுக்கினாள்.

மறுநாள் காலையில், கொம்பையா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஷேக் மைதீன் வந்தார். வாரியத்தில் போர்மேன், கொம்பையாவோடு சேர்ந்தே வேலையில் சேர்ந்தவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தண்ணீர்கூட வாங்காமல் சொன்னார். நெஞ்சில் பேட்டரி இருக்கிற ஆளைக் கம்பத்தில் ஏற்றக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது. முந்தாநாள் ஆள் குறைவாக இருந்த நேரத்தில் இவர் தானாகவே போய் ஏறிவிட்டார். சப்-ஸ்டேஷனில் அணைத்திருந்தார்கள்தான். எர்த் ராடைப் போடவில்லை. நட்டு ஒன்றை முறுக்கிவிட்டு இறங்கி வந்த பிறகு, மைதீன் மனசு கேளாமல், கரண்ட் இருந்தால் கத்துகிற டெஸ்டரை நீளக் கம்பில் மாட்டி லைனில் வைத்துப் பார்த்தார். அது கத்தியது. எந்த மாடியிலிருந்தோ கரண்ட் திரும்பி வந்துகொண்டிருந்தது. கொம்பையாவின் தோளுக்கும் அந்தக் கம்பிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி இருந்திருக்கிறது.

"நான் சத்தம் போடுறேன் தங்கச்சி, அவன் 'அப்படியா, நான் தொடலையே'ங்கான். அவ்வளவுதான். நாங்க அவனைப் பயந்தாங்கொள்ளின்னு சிரிப்போம். அவன் பயந்த பயத்துலதான் நாங்கள்லாம் உசுரோட இருக்கோம். இப்ப அவன்கூட வேலைக்குப் போக எனக்குப் பயமா இருக்கு."

"மறுபடி ஏறுவாகளா அண்ணே?"

"ஏணியையும் கயித்தையும் பூட்டி வச்சிருக்கேன். எத்தனை நாளைக்கு வைக்க முடியும்?"

அடுத்த வாரமே மதுரைக்குப் போனார்கள். கொம்பையா மறுப்புச் சொல்லாமல் வந்தார். எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை இப்போது. டாக்டர் ஜெசிந்தா அவரிடம் கணக்குக் கேட்டார், ஞாபகம் கேட்டார், படங்களைக் காட்டி நியாயம் கேட்டார். எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு. பிறகு கருவியின் பதிவைத் திரையில் விரித்தார். படிக்கட்டு மாதிரி ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது.

"அந்தத் துவரம்பருப்புக்குள்ளயே மூணு மூலை இருக்கும்மா," என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு மூலை கை கால். ஒரு மூலை யோசனை. மூணாவது மூலையில மனசுக்குப் போற பாதை, ஆசை, பதற்றம், பயம் எல்லாம். நாங்க முதல் மூலையிலதான் வச்சோம். பதிமூணாவது படியிலயே நடுக்கம் சுத்தமா நின்னிருக்கு. அங்கயே நிக்க வேண்டிய கருவி, பத்து நாளைக்கு ஒரு படின்னு ஏறிக்கிட்டே மூணாவது மூலைக்குப் போயிருக்கு. இப்ப நாப்பத்தோராவது படி."

"அது ஏன் டாக்டர் ஏறுச்சு?"

"குறை இருக்குன்னு யாரோ சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க." திரையை அவள் பக்கம் திருப்பினார். வரிசை வரிசையாக முகங்கள். வாய் நேர்கோடாக இருந்த நானூற்றுச் சொச்சம் முகங்கள். "ஒரு நாள்கூட அவர் நல்லா இல்லையாம்மா?"

"ரொம்ப நல்லா இருந்தாக டாக்டர்."

"அப்ப ஏன் அதை அமுக்கலை?"

செண்பகவல்லிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அதை எப்படி டாக்டர் சொல்ல முடியும்?"

ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. அவருக்கும் ஒரு மகன் உண்டு. அவன் எப்படி இருக்கிறான் என்று யாராவது விசாரித்தால் அவரும் பரவாயில்லை என்றுதான் சொல்வார். கருவியைச் செய்தவர்கள் வேறு தேசத்துக்காரர்கள், நல்லா இருந்தால் நல்லா இருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஜனங்கள் என்றார். சிரித்தால் அப்படியே நில். அழுதால் ஒரு படி இறங்கு. நடு முகம் என்றால் இன்னும் முயற்சி செய். அப்படித்தான் அதற்குள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

செண்பகவல்லி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானைக்குள் மடித்துக்கொண்டாள்.

ஒரே நிமிஷத்தில் பழைய படிக்குக் கொண்டுவந்துவிடலாம், கொம்பையா கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் டாக்டர். கொம்பையா தாளை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பயம்னா என்னன்னு எனக்கு மறக்கலை டாக்டர். வயிறு கலங்கும், தூக்கம் போகும், சோறு இறங்காது. வேணும்னு சொல்லி யாராவது அதைக் கையெழுத்துப் போட்டு வாங்குவாங்களா?"

டாக்டர் தாளை மடித்து வைத்துவிட்டார். புத்தி தெளிவாக இருக்கிற மனிதர், அவருடைய மூளை அவருடையது, சட்டம் அதைத்தான் சொல்கிறது. கொம்பையா வெளியே போனதும் ஜெசிந்தா தாழ்ந்த குரலில், "இப்படிச் செய்யுங்கன்னு நான் சொல்ல முடியாதும்மா," என்றார். "ஆனா அழுற முகம் எதுக்குன்னு உங்களுக்கு யாரும் புரிய வைக்கலை. அதைச் சொல்றது என் கடமை. தினம் ஒரு படி இறங்கும். இருபத்தெட்டு நாள். நடுக்கம் லேசா எட்டிப் பாக்கலாம். அவருக்குப் பயம் திரும்பி வந்தப்புறம் மறைக்காம எல்லாத்தையும் சொல்லிடுங்க. அப்ப அவர் சொல்றதுதான் அவர் சொல்லு."

அன்று ஆறு மணிக்குச் செண்பகவல்லி பூஜை அலமாரியின் கதவைச் சாத்தினாள். விளக்கு பார்க்க வேண்டாம் என்று. பெட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு அழுகிற முகத்தை அமுக்கினாள். தன் வாயாலேயே புருஷனைச் சபித்தது போல் இருந்தது. "வருந்துகிறோம். ஒரு படி பின்னால் போகிறோம்," என்றது பெட்டி. அவள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.

பத்து நாள் வரை ஒன்றும் தெரியவில்லை. தினமும் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது, ஷேக் மைதீனுக்கு போன் போட்டு ஏணி பூட்டியிருக்கிறதா என்று கேட்பாள். சாயங்காலம் அவர் செருப்புச் சத்தம் கேட்கிற வரைக்கும் அவளுக்கு உயிர் இருக்காது. வீட்டில் இரண்டு பேருக்கான பயத்தையும் அவள் ஒருத்தியே பட்டுக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. கொம்பையாவின் தோள் லேசாகத் தூக்கிப் போட்டது. பதினாறாம் நாள் பைபாஸில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். இருபதாம் நாள் வேலையிலிருந்து வந்து, மாடியிலிருக்கிற தங்கள் சோலார் பெட்டியின் ஒயரைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். இருபத்து மூன்றாம் நாள் செண்பகவல்லி ரேஷன் கடை வரிசையில் நின்றபோது போன் அடித்தது.

"எங்க இருக்க? இவ்வளவு நேரமா?"

அவள் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். முன்னால் நின்றவள் என்ன அக்கா, ஏதும் கெட்ட சேதியா என்று விசாரித்தாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, வரிசையிலேயே நின்று கண்ணீர் விட்டாள். கால் மணி நேரத்தில் மறுபடியும் போன் வந்தது. இந்தத் தடவை அவள் எரிந்து விழவில்லை. அரிசி வாங்கியாயிற்று, பருப்புக்கு நிற்கிறேன், இதோ வருகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அழுகிற முகத்தை இருபத்தெட்டுத் தடவை அமுக்கியாயிற்று. இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் சிரிக்கிற முகத்தை அமுக்க வேண்டும். கருவி பதிமூன்றாவது படியில் நின்றுகொள்ளும். அதற்கு முன்னால் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று, பகல் முழுவதும் சொற்களைக் கோத்துக் கோத்துப் பார்த்தாள். ஐந்தேமுக்காலுக்கு விளக்கைத் துலக்கி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது கொம்பையா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெட்டி அவர் கையில் இருந்தது. அந்தக் கையின் கட்டைவிரல் மிக லேசாக ஆடியது.

"இது நீதானா?" என்றார்.

பெட்டியில் பழைய பதிவு விரிந்திருந்தது. வரிசையாக அழுகிற முகங்கள்.

"நல்லா இருக்கிற ஆளுக்கு இருபத்தெட்டு நாளா அழுத மூஞ்சி. என்னை என்ன செய்யப் பாக்க?"

அவர் முகத்தில் வேர்த்திருந்தது, வெளுத்திருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகம் முழுசாகப் பயந்திருப்பதை அவள் பார்த்தாள். அது அவளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது. அவள் ஒரு எட்டு முன்னால் வைத்ததும், அவர் நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். அந்தச் சின்ன அசைவு அவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது.

அவள் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். துவரம்பருப்பின் மூன்று மூலை. நடு முகத்துக்கு என்ன அர்த்தம். அந்த நானூறு நாளும் யார் அமுக்கியது. பஸ் கவிழ்ந்த அன்றைக்கு அவர் ரசம் கேட்டது. அதைக் கேட்டபோது அவர் கண் கலங்கி, கையால் வாயை மூடிக்கொண்டார். நிறைமதி வந்துவிட்டாளா என்று வாசலைப் பார்த்தார்.

"எல்லாம் உன் விரல்லயா இருந்துச்சு," என்றார் கடைசியில். "எனக்கு உன்னைப் பாத்தாப் பயமா இருக்கு செம்பகம். இனிமே இது என் கையில இருக்கட்டும்."

அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. அவர் சொல்வதுதான் அவர் சொல் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. பெட்டியில் அவர் விரல் ரேகையைப் பதிய வைத்தாள். பதிந்தால் பழைய ரேகை அழிந்துவிடும், சம்மதமா என்று பெட்டி ஒரு தடவை கேட்டது. சம்மதம் என்று அமுக்கினாள். பெரிய பாரம் ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது. இன்றைக்குச் சிரிக்கிற முகத்தை மட்டும் அமுக்கிவிடுங்கள், இப்படியே நின்றுவிடும் என்றாள்.

மணி அடித்தது. ஆறு.

வாசலில் நிறைமதியின் செருப்புச் சத்தம் கேட்டது. கொம்பையா நிமிர்ந்து, பத்திரமாக வந்து சேர்ந்த மகளைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். காபி டம்ளரைப் பிடிக்கிற அளவுக்கு அது நின்றிருந்தது. துலக்கின விளக்கைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். எல்லாமே நன்றாக இருந்தது. அவர் கட்டைவிரல் சிரிக்கிற முகத்தின் மேல் போய், தொடாமல் அப்படியே நின்றது.

"அமுக்குங்க," என்றாள் செண்பகவல்லி.

"விளக்கு வைக்கிற நேரத்துல, எல்லாம் நல்லா இருக்குன்னு எப்படி..." அவர் குரல் தேய்ந்தது. "கண்ணு பட்டுருச்சுன்னா? பிள்ளை வேற பஸ்ல போய்ட்டு வாரா."

"நான் சொன்னதெல்லாம் கேட்டீகள்ல?"

"கேட்டேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆயிராது. நாளைக்கு அதை அமுக்குதேன்."

அவள் எட்டிக் கையைப் பிடிப்பதற்குள் விரல் நடுவில் இறங்கிவிட்டது. பெட்டி ஒரு தடவை மினுக்கியது.

"நன்றி. நாளை இதைவிட நன்றாக இருக்கும்."

கொம்பையா பெட்டியைத் துண்டால் துடைத்து, சட்டைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டார். செண்பகவல்லி விளக்கேற்றக் குனிந்தாள். மூன்று தீக்குச்சி கிழித்தும் அவளால் கையைத் திரியில் நிறுத்த முடியவில்லை.